மூன்றாம் தரம்

சனிக்கிழமைகளில் மத்தியஸ்த சபை கூடுவது
கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில்,
தரம் மூன்று, பிரிவு ஆ.
வளர்ந்தவர்கள் எல்லாரும்
எட்டு வயதின் கதிரைகளில் இருக்கிறார்கள்,
முழங்கால் நாடியைத் தொட.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
ஏழாம் வாய்ப்பாடு.

என் வேலை இடையில் இருப்பது.
சிங்களத்தில் விழுவதைத் தமிழில் எடுப்பேன்,
தமிழில் விழுவதைச் சிங்களத்தில்.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
பன்னிரண்டு வருடமாகிறது. சம்பளம் இல்லை.
பஸ் காசும் ஒரு பிளேன்டீயும் உண்டு.

அன்றைய வழக்கு ஒரு கான்.
இரண்டு வீட்டுக்கு நடுவே ஓரடி அகலம்.
யார் மூடினது, யார் உடைத்தது,
யார் வீட்டு இடியப்பத் தட்டுக் கழுவின தண்ணீர்.
மன்னாரிலிருந்து வந்து நாலு வருடமான மெற்றில்டா
ஒரு பக்கம்.
முச்சக்கரவண்டி ஓட்டும் பியதிஸ்ஸ
மறுபக்கம்.

மெற்றில்டா முதலில் எறிந்தாள்:
"இவன்ர வீடு மண்ணாய்ப் போக."
கொண்டுபோய்க் கொடுத்தேன்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
உள்ளதைச் சொன்னால், சூடும் ஆறாமல்.
நாக்கின் அடியில் ஏதோ இனித்தது.
அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

பிறகு பியதிஸ்ஸ எழும்பினான்.
இடுப்பில் இறுகிய சின்னக் கதிரையும்
அவனோடு சேர்ந்து எழும்பியது.
யாரும் சிரிக்கவில்லை.
அவன் சொன்னதில் கானும் இல்லை, தண்ணீரும் இல்லை.
நீங்கள், உங்கள் ஆட்கள்,
வந்த வழி, போகவேண்டிய வழி.
ஏழு வயதில் அதைக் கேட்டிருக்கிறேன்,
எங்கள் கதவு உடைகிற சத்தத்தோடு.

மெற்றில்டா என்னைப் பார்த்தாள்.
அவளுக்கு வார்த்தை விளங்காது, முகம் விளங்கும்.

மூன்று விநாடி இருக்கும்.
ஜெபிக்கப் போதாது.
ஆண்டவரே என்பதில் ஆ வரைதான் போனேன்.
ஞானம் மேலிருந்து வரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்;
வந்தால் வெளிச்சமாய் வரும், குறைந்தபட்சம்
ஒரு வசனமாயாவது வரும் என்று இருந்தேன்.
வந்தது காது மந்தமானவளின் கேள்வியாய்:
"ஆயெத் கியன்ன, மாத்தயா."
விளங்கவில்லை, இன்னொருதரம் சொல்லுங்கள்.

பொய்யா அது?
கேட்டது. விளங்கவில்லை.
நாற்பது வருடமாக விளங்கவில்லை.

இரண்டாந்தரம் சொல்லும்போது
"ஆட்கள்" எங்கேயோ விழுந்துவிட்டது.
ஒருமுறை எறிந்த கல்லைப் பொறுக்கி
அதே விசையோடு எறிவது லேசில்லை.
கான் வந்தது. சீமெந்து வந்தது.
வைகாசி மழை வந்தது.
நான் இன்னும் பேனையைத் திறக்கவில்லை.
ஆயெத்.

மூன்றாந்தரம் அவர் இருந்துகொண்டு சொன்னார்.
தண்ணீர் கட்டில் கால்வரை ஏறுகிறது.
மகளுக்கு இழுப்பு.
மழை இரவுகளில் செங்கல் வைத்துக்
கட்டிலை உயர்த்துகிறார், ஒவ்வொரு காலாக,
அவள் நித்திரை குழம்பாமல்.

அதைத் தமிழில் வைத்தேன்.
மெற்றில்டா ஏழாம் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டே
கேட்டாள், எத்தனை வயசாம்?

சமாதானம் என்று நாங்கள் எழுதவில்லை.
நாலங்குலக் குழாய், செலவு பாதிபாதி,
வெள்ளிக்கிழமைக்குள்.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை, சூடாறாமல் கொடுத்ததற்காக;
கேட்டிருக்கவேண்டும்.

திரும்பும்போது மிச்சக்காசு தராத கொண்டக்டரோடு
ஆமர் வீதி வரைக்கும் சண்டை.
பத்து ரூபாய்.
சபையில் இருந்தவள் யார், பஸ்ஸில் நின்றவள் யார்
என்று கேட்காதீர்கள்,
இரண்டு பேருக்கும் ஒரே கைப்பைதான்.

இரவு போனைத் திறந்தேன்.
அண்ணாவுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த செய்தி,
காணி உறுதியைப் பற்றி,
பதினொரு வரி, பதினொன்றும் கூர்.
எனக்கே சத்தமாய் வாசித்தேன்.
ஆயெத், என்றேன்.
இரண்டாந்தரம் ஏழு வரி மிஞ்சியது.

மூன்றாந்தரத்துக்கு முன் மழை பிடித்துவிட்டது.
ஜன்னலைச் சாத்தாமல்
கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்,
எங்கேயாவது ஒரு கட்டில்
உயர்கிறதா என்று.