வாட்டம்

டார்ட்மூர் மேட்டில் அந்தப் பண்ணைவீட்டை
பதிவேட்டுக்காக அளக்கப் போனேன்.
லேசர் கருவி ஒன்று, நாடா ஒன்று,
நேர்கோட்டின் மேல் பழைய நம்பிக்கை ஒன்று.

சுவர் மூன்றடி நான்கங்குலம்.
நாலெட்டு தள்ளி அளந்தால் மூன்றடிகூட இல்லை.
வயல் திருத்தும்போது
ஏருக்கு வழிவிட மறுத்த கருங்கல்லையெல்லாம்
இழுத்துவந்து அடுக்கியிருந்தார்கள்.
மூலைக்கல் மட்டும் படுத்திருக்கும் காளை அளவு.
இதை எப்படித் தூக்கினார்கள் என்றேன்.
"தூக்கவேயில்லை. அது அங்கேதான் கிடந்தது.
வீடுதான் அதைத் தேடிப் போனது"
என்றாள் தாமசின் எண்டகாட்,
வாயில் ஒரு சணல்துண்டைக் கவ்வியபடி.

பரணில் ஏறினேன்.
மேலே கோதுமைத்தாள், எட்டு வருடத்துக்கு முன் வேய்ந்தது.
அதன் கீழே அதற்கு முந்தையது.
யாரும் பழையதைப் பிரிப்பதில்லை,
சட்டைமேல் சட்டை.
எல்லாவற்றுக்கும் அடியில்
புகைபோக்கி இல்லாத காலத்து ரை வைக்கோல்
தார் பிடித்ததுபோல் கறுத்து.
எவர் வீட்டுக் கஞ்சியோ கொதித்த புகை.
அதில் ஒரு கதிர் மணி உதிராமல் இருந்தது.
தொட்ட விரலை
என் கால்சட்டையில் துடைக்க மனம் வரவில்லை,
பிறகு துடைத்தேன்.

வாசல் ஒன்றுதான்.
இடைகழியில் நின்றால்
மேல்புறம் மனிதர், கீழ்ப்புறம் மாடு.
'தொழுவம். தற்போது பயன்பாட்டில் இல்லை'
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள்
"நேற்று ராத்திரி இருந்தாளே" என்றாள்.
கீழேயிருந்து ஒரு பெருமூச்சு அதை ஆமோதித்தது.

மேலும் எழுதினேன்:
தளம் மட்டம் தவறியது, இருபதுக்கு ஒன்று. பழுது.
அடித்தளம் இறங்கியிருக்கலாம்.
நடுவில் காடி, காரணம் தெரியவில்லை.
கோடிச்சுவரின் அடியில் ஒரு கல் இல்லை,
எலி நுழையும், அடைக்கவும்.
தொழுவத் தரையில் இரண்டு குழிகள். தேய்மானம்.

நாலு மணிக்குள் என் கார்
ஒரு வெள்ளை மேடாகிவிட்டது.
தொழுவத்துக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தாள்.
கணப்பு எங்கே என்று கேட்டதற்குத்
தரையைக் காட்டினாள்.
பலகை இடுக்குகள் வழியே
ஒரு பசுவின் உடம்புச் சூடு
மெதுவாக ஏறி வந்து
என் முதுகுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாள்.
"டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்."

வெளியே பனி இறுகிக்கொண்டிருக்க
உள்ளே டாம்சனுக்குப் பனிக்குடம் உடைந்தது.
தண்ணீர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.
கல்லில் இறங்கி, காடியைப் பிடித்து,
என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு,
கோடிச்சுவரில் நான் அடைக்கச் சொன்ன ஓட்டை வழியே
ஆவி பறக்கப் பனிக்குள் போயிற்று.
பசு நின்ற இடம் ஈரம் வடிந்து சுத்தமாக இருந்தது.

கன்று வழியில் மாட்டியிருந்தது.
"டார்ச்சை வை. கயிற்றைப் பிடி. அவள் முக்கும்போது மட்டும் இழு."
உட்கார்ந்து காலை நீட்டினேன்.
வலது குதிகால் ஒரு குழியில் பொருந்தியது.
இடது குதிகால் இன்னொன்றில்.
எனக்கு முன்னால் எத்தனை பேர்
இதே இடத்தில் உட்கார்ந்து
இதே பக்கம் சாய்ந்து
பல்லைக் கடித்தார்களோ.
கருங்கல் அவ்வளவு எளிதில் தேயாது.

நாலாவது இழுப்பில் வந்து விழுந்தது,
வழவழவென்று, கோபத்தோடு.
தாமசின் அதன் மூக்கில் வைக்கோல் துரும்பை விட்டாள்.
தும்மியது.
"கிடேரி" என்றாள். போய்த் தேநீர் போட்டாள்.

விடிந்ததும் படிவத்தை எடுத்தேன்.
'பழுது' என்பதை அடித்துவிட்டு
கொத்தனார் சொல்வதுபோல் எழுதினேன்:
வாட்டம் சரி.
ஓட்டையை அடைக்க வேண்டாம்.
குழிகளுக்கு என்ன பெயர் என்று தெரியாததால்
அவற்றின் ஆழத்தை மட்டும் குறித்தேன்.

அலுவலகத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள்,
இரண்டாம் பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கறை
என்னவென்று.
இன்னும் பதில் போடவில்லை.