ஒரே ஒரு கியர்

ஓரஸ்ட் பிலானிக்கின் வேலியோரம்
முப்பத்தெட்டு பனிக்காலம் நின்றிருந்தது.
சரக்குத் தட்டின் பலகை இற்றுப்போன இடத்தில்
என் தொடைப் பருமனில் ஒரு பாப்லர் மரம்,
வாடகை தராத குடித்தனக்காரன் போல
எழுந்து நின்றது.

விலை கேட்டேன்.
"மரத்துக்கா, வண்டிக்கா?" என்றார்.
இரண்டுக்கும் சேர்த்துப்
பத்து உருண்டை காய்ந்த புல்.
சாவி?
"கிணற்றுக்குள் விழுந்தது. கிணற்றை மூடியாயிற்று."

மரத்தை அறுத்தேன்.
டிராக்டரில் கட்டி இழுத்துவந்து
கொட்டகையில் நிறுத்தினேன்.
இஞ்சின் கல்லாக இறுகிக் கிடந்தது.
பிளக்குகளைக் கழற்றி
எட்டுத் துளையிலும் தினம் காலை ஒரு கரண்டி
டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றினேன்,
பூனைக்குப் பால் வைத்துவிட்டு வந்த கையோடு.
ஹீட்டர் குழாய்க்குள் எலிக்கூடு.
கோதுமை விற்ற ரசீதுகளைக் கிழித்துக் கட்டியது.
ஆகஸ்ட் பத்தொன்பது என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.
எந்த வருடமென்று எலிக்கு அக்கறையில்லை.

நாலாவது வாரம்
நீளக் கம்பியில் என் முழு எடையும் தொங்க
'டிக்' என்றது.
ஒரு நகக்கண் அளவு அசைவு.
அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

கார்புரேட்டர்வரை என் கை போதும்.
பிரேக்குக்கு லைல் வேண்டும்.
லைல் என் முன்னாள் கணவன்.
பதினோரு வருடமாக எங்கள் பேச்சு
வருமான வரி மாதத்தோடு சரி.
போனில் சொன்னேன்:
"மெர்க்குரி. ஐம்பத்தொன்று. வி-எட்டு."
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
ஒரு மணி நேரத்தில் வாசலில் நின்றான்,
போகும்போது எடுத்துப்போன
என் சாக்கெட் பெட்டியோடு.

இடது காதில் ஒரு கருவி மாட்டியிருந்தான்.
எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது.
நானும் கேட்கவில்லை.
வண்டியைச் சுற்றிக்கொண்டு
அவன் வலப்பக்கம் போய்
பதினாறாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன்.

ஜூன் மாதம், சனிக்கிழமை.
இரண்டு வயரை உரசியதும்
இருமியது, தும்மியது,
புகைபோக்கி வழியே எலியின் மெத்தை முழுதும்
கொட்டகையெங்கும் பறந்தது.
பிறகு ஓடியது.
ஒரு சிலிண்டர் மட்டும் நொண்டினாலும்
ஓடியது.

கியர்தான் மசியவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று:
குச்சி எங்கும் போக மறுத்தது.
ரிவர்ஸில் மட்டும் கெட்டியாக விழுந்தது.
விழுந்ததும் வெளியே வரவும் மறுத்தது.
"நாளைக்குப் பார்ப்போம்" என்றான் லைல்.
நான் கிளட்சை விட்டேன்.

கார்விக்குக்கு நாலு மைல்,
சஸ்காச்சுவான் ஜல்லிச் சாலை, நூல் பிடித்த நேர்.
லைல் சரக்குத் தட்டில் ஏறிக்கொண்டான்.
மரம் இருந்த ஓட்டை வழியே
சாலை ஓடுவதைக் காலடியில் பார்த்தபடி
"இடது... இடது... கொஞ்சம் வலது" என்று கத்தினான்.
பின்கண்ணாடி முழுக்க அவன் முதுகு,
எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.
முன்கண்ணாடியில் வீடு, கொட்டகை, தபால் பெட்டி
ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டு போயின.
எதிரே வந்த ஹட்டரைட் வேன்
ஓரங்கட்டி நின்றது.
பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக் கையாட்டினார்கள்.
நாங்கள் வருகிறோமா போகிறோமா என்று
அவர்களுக்குக் குழப்பம்.
ஒருமுறை நான் தப்பாகத் திருப்ப,
"இடதென்றேன் வெர்னா!" என்றான்.
"அது உன் இடது!" என்றேன்.
பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால்
பிரேக் பிடித்தது.
அவன் போட்ட பிரேக்.

கூட்டுறவு பெட்ரோல் பங்கில்
டெரன்ஸ் குபிகா தொப்பியைக் கழற்றிவிட்டு
எங்களைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
கேட்க நினைத்ததைக் கேட்காமல்
இருபது டாலருக்குப் போட்டான்.

திரும்பி வந்ததும்
லைல் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.
சுத்தமான பிறகும் துடைத்தான்.
"அடுத்த சனிக்கிழமை
கியர்பெட்டியைத் திறந்துவிடலாமா?"

வலது காதுப் பக்கம் போனேன்.
"வா.
ஆனால் அவசரமில்லை" என்றேன்.