பக்கம் நாற்பத்தேழு, மூன்றாம் கட்டம்

இந்திராநகர் மெட்ரோ வாசலில்
என் துப்பாக்கியை வாங்கி முகர்ந்து பார்த்தாள் காவல்பெண்.
"ஏனிது?"
பழுப்பு அட்டை, பசை, பற்பொடி டப்பா மூடி என்றேன்
ஓட்டைக் கன்னடத்தில்.
வலது கண்ணை மறைத்த கறுப்புத் துணியையும்
தூக்கிக் காட்டச் சொன்னாள்.
உள்ளே வெறும் கண்தான்.
வெள்ளி ராத்திரி இரண்டு மணி வரை
யாரோ எழுதிய நிரலில் பிழை தேடிச் சிவந்தது.

ஒயிட்ஃபீல்டின் அந்தப் பெரிய கூடத்தில்
இறக்கையோடு நாலு பேர், வாலோடு எட்டுப் பேர்.
ஒருத்தி ஆறடி வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மசாலா பூரி தின்கிறாள்.
எல்லாரையும் எல்லாருக்கும் தெரிகிறது.
பெயர் சொல்லிக் கூவுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள்.
என்னிடம் மட்டும் தலைசாய்த்து,
"ப்ரோ, நீங்க யாரு? கடல் கொள்ளைக்காரரா?"

இல்லை.
சாணித்தாளில் வந்த, இரண்டரை ரூபாய்க் கதை ஒன்றில்
டாக்டர் பாதரசத்தின் மூன்றாவது அடியாள்.
பெயர் கிடையாது.
பக்கம் நாற்பத்தேழு, மூன்றாம் கட்டம்.
கதவோரம் நிற்பேன்.
"பாஸ், அங்கே யாரோ..."
அவ்வளவுதான் வசனம்.
அடுத்த கட்டத்தில்
காற்றாடிக் கேப்டனின் முட்டி,
முள்முள்ளாய் ஒரு நட்சத்திரம்,
அதற்குள் கொட்டை எழுத்தில்
தொபுக்கடீர்.

இதைப் பதினோரு பேருக்குச் சொன்னேன்.
நாலாவது ஆளிலேயே எனக்கு அலுத்துவிட்டது.
ஏன் அங்கிள் கேப்டனாக வரவில்லை என்றான்
சுருட்டைமுடிப் பையன் ஒருவன்.
மர்ஃபி டவுன் சந்தில் நாங்கள் ஆடும்போது
ஏழு பேர் இருந்தால் ஏழு பேரும் கேப்டன்.
விழுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா?
நான் கச்சிதமாக விழுவேன்.
இதைச் சொல்வதற்குள்
பையன் வேறு யாருடைய கவசத்தையோ தட்டப் போய்விட்டான்.

மூன்று மணி இருக்கும்.
பழைய இதழ்களை உறைபோட்டு விற்கும் மேசையருகே
வேஷமில்லாத ஒரு பெண்மணி.
பருத்திச் சேலை, தோளில் சாப்பாட்டுப் பை.
தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.
"கண்ணு தப்பு."
"என்னங்க?"
"மூணாவது அடியாளுக்கு மூடியிருக்கறது இடது கண்ணு.
நீங்க மறுபதிப்பு பார்த்திருக்கீங்க.
அதுல ஃபிலிமைத் திருப்பிப் போட்டுட்டான் அச்சகத்துக்காரன்.
கேப்டன் இடது கையால குத்துறாரே,
ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா?"

பிலோமினா. ஃப்ரேசர் டவுனில் எக்ஸ்ரே எடுக்கிறாள்.
"இடம் வலம் மாறிச்சுன்னா எங்க வேலையில
நல்ல காலை வெட்டிருவாங்க."
ஐந்து மணி வரை சண்டை.
பன்னிரண்டாம் பக்கத்து நிழலைச் சொன்னேன்,
அது நாய் என்றாள்.
பாதரசம் சாகவில்லை என்றேன்,
கடைசிப் பக்கம் கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டு
பேசாதீர்கள் என்றாள்.
மேசைக்காரன் எங்களுக்கு நாற்காலி போட்டான்.

என் அலுவலக வாசலில் ஒரு கருவி,
தினமும் முகத்தைப் பார்த்துப் பச்சை காட்டும்.
ஆறு வருடமாக அதற்கு
நான் சரி.

திரும்பும்போது துணியை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டேன்.
பகலெல்லாம் இருட்டில் கிடந்த வலது கண் கூசியது.
ஹூடியின் விளக்குகள்
ஒரு விரற்கடை தள்ளி எரிந்தன.

பையப்பனஹள்ளி தாண்டும்போது அனுப்பினாள்:
முதற்பதிப்பு, பக்கம் நாற்பத்தேழு.
ஓரத்தில் அவள் கட்டைவிரல்.
விரித்து விரித்துப் பெரிதாக்கினேன்.
இடது கண். சரிதான்.
மறுபதிப்பின் மசிக் கசிவில்
முப்பது வருடம் நான் துப்பாக்கி என்று பார்த்தது
துப்பாக்கியே இல்லை.
டார்ச் லைட்.
எரிந்துகொண்டும் இருக்கிறது.

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அடுத்த வருடத்துக்கென்று
விட்டுவைத்திருக்கலாம்.