அறுபத்தாறு அடி

பின்முனையைப் பிடிப்பவன் நான்.
முன்னால் போகிறவன் ஓரின் ஸ்டாடர்ட்,
இடுப்பில் பதினோரு இரும்பு ஊசி.
நடுவே சங்கிலி:
நூறு கண்ணி, அறுபத்தாறு அடி.
"ஊன்று!" என்று நான் கத்துவேன்.
"ஊன்றினேன்!" என்பான் அவன்.
எண்பது தடவை கத்தினால் ஒரு மைல்.
அந்தச் செப்டம்பர் முழுக்க
வேறெதுவும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

வாஷிங்டனில் யாரோ
காகிதத்தில் கட்டம் போட்டு முடித்துவிட்டார்.
புல்லுக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.
மார்பளவுப் புல்.
சங்கிலியை இழுத்தால்
பாம்பு போன தடமாய்ப் பிளந்து
நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிக்கொள்ளும்.

அரை மைலுக்கு ஒரு குழி.
அடியில் ஒரு படி அடுப்புக்கரி,
மேலே மண் குவித்து மேடு.
மரக்கட்டை மட்கும், கல்லை எவனாவது தூக்கிப் போவான்,
கரி கிடக்கும் நூறு வருஷம் என்பார் சர்வேயர் பெனிமன்.
தினம் காலையில் சங்கிலியை
அளவுகோலோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி.
அவருக்குக் காலையில் பல்வலி.

பதினேழாம் நாள்
நாற்பதாவது சங்கிலியில் மேடு குவித்தோம்.
நாற்பத்தொன்றில் கோடு ஒரு கொல்லைக்குள் விழுந்தது.
மக்காச்சோளம்.
குத்துக்குத்தாய் மண் அணைத்து,
தட்டையில் அவரை ஏறி,
காலடியெல்லாம் பூசணி.
ஒருத்தி நிமிர்ந்தாள்.
பானி இனத்தாள்; வேட்டைக்குப் போன ஊர்
அப்போதுதான் திரும்பியிருந்தது.
கையில் காட்டெருமைத் தோளெலும்பு கட்டிய களைக்கொத்து.

எங்கள் மேட்டைக் காட்டினாள்.
தன் சோள மேட்டைக் காட்டினாள்.
உள்ளங்கையை விரித்தாள்.
என்ன விதைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம்.
ஓரின் சிரித்தான்.
நான் சங்கிலியின் பித்தளைப் பிடியை
இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.
"ஊன்று!"

அன்றிரவு பெனிமன் எழுதினார்:
"41இல் வயலுக்குள் நுழைவு. 47இல் வெளியேற்றம்.
மண் இரண்டாம் தரம். மரமில்லை."
யார் வயல் என்பதற்கு
அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

பதினாறு வருஷம் போனது. போர் போனது, என் இடதுகாது போனது.
நூற்றறுபது ஏக்கர் சும்மா தருகிறார்கள் என்றதும்
எல்லோரும் தாளில் தேடினார்கள்.
நான் தேடவில்லை.
இரண்டாம் தரம் என்று எழுதிய அந்த மண்ணில்
சோளம் என் தலைக்கு மேலே நின்றதைப்
பார்த்தவன் நான்.
நேரே போய் இறங்கினேன்.

முதல் உழவில் கொழு தடுக்கியது.
ஒரு தோளெலும்பு, விளிம்பு வழவழவென்று தேய்ந்து.
வேலியோரம் வீசினேன்.
தெற்கு ஓரத்தில் மண் கறுப்பாய்ப் புரண்டது. கரி.
அதை நான் மறுபடி புதைக்கவில்லை.

புதிய நாடாவோடு அளந்த ஸ்வீடன்காரன் டோர்ன்குவிஸ்ட்
தெற்கிலிருந்து அரை மைல் வந்தான்.
வடக்கிலிருந்து அரை மைல் நான் வந்தேன்.
நடுவே ஐந்தடி மிஞ்சியது.

எனக்குத் தெரியும் ஏன் என்று.
கண்ணிக்குக் கண்ணி வளையம் உரசி
எங்கள் சங்கிலி தேய்ந்திருந்தது.
தேயத்தேய நீளும் பொருள் அது ஒன்றுதான்.
சங்கிலிக்கு ஒரு விரற்கடை,
மைலுக்கு ஐந்தடி,
யார் பட்டாவிலும் ஏறாத மண்.

ஐந்தடிக்காக மூன்று வருஷம் வழக்கு.
அவன் என் நாயைச் சுட்டான்.
நான் அவன் வாய்க்காலை அடைத்தேன்.
வெட்டுக்கிளி வந்த வருஷம்
இரண்டு பக்கமும் ஒன்றாய் மொட்டையாகியும்
வாய்தா மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் கூண்டில் ஏற்றினார்கள்.
"அந்தக் கோட்டில் சங்கிலி பிடித்தவர் நீர்தானே?"
"நான்தான்."
"நேராகப் பிடித்தீரா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ
வண்டியிலிருந்து சோள மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
உள்ளங்கை விரிவது போல ஒரு மூட்டை வாய் திறந்து கொட்டியது.

"நேராகத்தான் பிடித்தேன்," என்றேன்.

வேறு கேள்வி இல்லை என்றார்கள்.