இன்னுஞ் சித்த அக்கட்ட

ராயபுரத்தில் ஒரு பனியன் குடோனுக்கு மேலே என் ஸ்டுடியோ.
சுவர் முழுக்க முட்டை அட்டை.
அதையும் மீறி நிட்டிங் மெஷின் ஓட்டம்
தரை வழியாக ஏறிவரும்.
அதனால் பதிவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

துளசிமணி வந்ததும் ஒரு ஞாயிறு.
தலையில் பஞ்சுத் தூசி இன்னும் போகவில்லை.
ரெண்டு வருஷத்துத் தீபாவளி போனஸைக்
கவர் பிரிக்காமல் மேசையில் வைத்தாள்.
"ஒரே பாட்டுதானுங்க. அதுக்கு மேல காசில்லீங்க."

பெனடிக்ட் கீபோர்டில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டான்.
அவள் வாயைத் திறந்தாள்.
முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

சித்த அக்கட்ட நில்லுங்க, என்றேன்.
நின்றாள். முள் இறங்கவில்லை.
இன்னுஞ் சித்த அக்கட்ட.
சுவரோரம் போனாள்.
இன்னுஞ் சித்த.
கடைசியில் கதவைத் திறந்து வைத்து
படிக்கட்டில் நின்று பாடினாள், செருப்புகளுக்கு நடுவே.
நாற்பது மெஷின் இரைச்சலில்
பத்து வருஷம் பேசிப் பழகிய தொண்டை.
பக்கத்து டேபிள்காரியிடம் நூல் அறுந்துபோச்சு என்று சொல்லவே
அவ்வளவு வேண்டியிருக்கும்.

*ஒன்றரை ஷிப்டு ஒடம்புக்கு
மிச்ச அரை ஷிப்டு ஆருக்கு?*

என்று அவள் இழுத்த இடத்தில்
கீழே டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேன்
"எனக்கு!" என்று கத்தினான்.
அதுவும் பதிந்துவிட்டது.
மறுபடி எடுக்கலாமா?
"இருக்கட்டுங்க. கேட்டதுக்கு ஒருத்தனாச்சும் பதில் சொல்றானே."

ஐந்நூறு கேசட்.
அட்டையில் 'கொங்கு பாப்' மஞ்சளில் பெரிதாக,
அவள் பெயர் பொடி எழுத்தில்,
அதிலும் ளகரம் லகரமாகி.
காதர்பேட்டைக் கடைக்காரர் பத்து விநாடி கேட்டார்.
"பொம்பளை இப்படியா பாடும்?
வால்யூமைக் குறைச்சாலும் எச்சாவே இருக்குதே."

நூற்றறுபது விற்றது.
பாதிக்கு மேல் அவள் கம்பெனிப் பிள்ளைகளே வாங்கியது.
அந்த வீதியில் கேட்டுக்குக் கேட்டு போர்டு தொங்கும்:
சிங்கர் ஆட்கள் உடனடித் தேவை.
சம்பள நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது,
துளசிமணி, சிங்கர் என்று.
அதைச் சொல்லி ஒருதரம் சிரித்தாள்.
குடோன் வரைக்கும் கேட்டது.

மிச்சம் முந்நூற்று நாற்பது என் பெஞ்சுக்கடியில்
ஒரு மழைக்காலத்தைக் கடந்தன.
தைப்பூசம் வந்தது.
காவடிப் பாட்டுக்கு ஏகக் கிராக்கி,
வெற்று டேப்புக்குத் தட்டுப்பாடு.
அவளிடம் நான் கேட்கவில்லை.
மூன்று ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொன்றாக
அவள் மேல் முருகனை ஏற்றினேன்.

அழிக்கும் ஹெட் தேய்ந்தது, தெரியும்.
தொழில்காரனுக்கு இன்னொன்றும் தெரியும்:
சிவப்பைத் தாண்டிப் பதிந்த சத்தம் லேசில் போகாது.
மெல்லப் பாடுகிறவர்கள்தான் சுத்தமாகப் போய்விடுவார்கள்.

கொடுவாய் தாண்டி ஒரு மோர்ப் பந்தல்.
பழனிக்கு நடப்பவர்கள் கொப்புளக் காலை நீட்டியிருந்தார்கள்.
என் கேசட்தான் ஓடியது.
முதல் பாட்டு முடிந்து
அடுத்தது தொடங்கும் முன் நாலு விநாடி.

*மிச்ச அரை ஷிப்டு ஆருக்கு?*

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதுபோல.
லோடுமேனின் பதில் மட்டும் அழிந்திருந்தது.
மோர் ஊற்றியவர் சொம்போடு நிமிர்ந்து
"ஆராச்சும் கூப்ட்டீங்களா?" என்றார்.
அதற்குள் உடுக்கை வந்துவிட்டது.

மாசிக் கடைசியில் வந்தாள்,
பாக்கிக் கேசட்டை எடுத்துப் போக.
பெஞ்சுக்கடியைக் காட்டினேன்.
"அத்தனையும் வித்துப்போச்சுங்களா?"
ஆமாங்க.
விற்றது உண்மைதான்.
கல்லாவில் கிடந்ததை வழித்துக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே நின்றிருந்தாள்,
பழைய இடத்தில், செருப்புகளுக்கு நடுவே.
உள்ளே வாங்க என்று சொல்ல
எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை.