வெள்ளை வட்டம்

வவுனியாவில், ஓர் அரிசி ஆலைக் காணிக்குள்
பொனற்றைப் பிளந்துகொண்டு வேம்பு நின்றது.
மரத்தைத் தறித்த பிறகுதான்
விலை பேச முடிந்தது.

நாற்பத்து மூன்றாம் ஆண்டுச் செவ்றோலெற்.
கனடாக்காரன் செய்தது.
ஆரோ ஒருவருடைய யுத்தத்துக்கு வந்து
திரும்பிப் போக மறந்தது.

நான் வங்கியில் அடகுப் பகுதி.
பகல் முழுக்க மற்றவர்களின் தாலிக்கொடியை நிறுக்கிறவன்.
பின்னேரம்
மூன்று தொன் இரும்புக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
தவமலர் குனிந்து கேட்டாள்:
"ஆமி லொறியைக் காசு குடுத்து வாங்கின
முதல் தமிழன் நீங்கள்தானே?"
அரை இஞ்சிச் சாவியை எடுத்துத் தரச் சொன்னேன்.
தந்தாள்.

சுரண்டினேன்.
ஆலைக்காரன் அடித்த சிவப்பு.
சிவப்புக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ஏதோ பாலைவனத்து மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே மறுபடியும் பச்சை.
பிறகு வெறும் தகரம். அதற்கு எந்தப் பக்கமும் இல்லை.
பச்சைப் பெயின்ற் பேணியைக் கடையிலேயே வைத்துவிட்டு
சாம்பல் பிறைமரோடு வந்தேன்.
அதற்கு மேல் ஒன்றும் அடிக்கவில்லை.

கந்தோரில் படிவம் நிரப்பிய பிள்ளை
"என்ன பாவனைக்கு?" என்றாள்.
விவசாயம், வியாபாரம், தனியார்.
மூன்றிலும் பொய் இருந்தது.
ஆகச் சின்னப் பொய்க்கு நேரே புள்ளடி போட்டேன்.

கியர் மாற்றக் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும்,
நடுவில் ஒருமுறை எஞ்சினுக்குத் தாக்கல் சொல்ல வேண்டும்.
கலனுக்கு எட்டு மைல்.
வளைவுகளில் ஸ்ரேறிங்கோடு மல்லுக்கட்டிய தோள்
அடுத்த நாள் தராசுத் தட்டில் நடுங்கும்.

முன் கண்ணாடி உள்ளுக்குச் சாய்ந்திருக்கும், நிலத்தைப் பார்த்தபடி.
மேலே பறக்கிறவனுக்கு
வெயில் பட்டு மினுங்கிக் காட்டிக் கொடுக்கக்கூடாதாம்.
அதை அறிந்த அன்று
இறங்கிக் கொஞ்ச நேரம் முன்னால் நின்றேன்.
சைக்கிள் மணிக்குச் சேறு பூசியவன் நான்.

நிறத்தை மாற்றலாம்.
சத்தத்துக்கு என்ன பூசுவது?
ஒழுங்கைக்குள் நுழைய முன்னமே
திலகேஸ்வரி ரீச்சர் கேற்றைப் பூட்டுவா.
எஞ்சினுக்கு மேலால் அந்தக் கொண்டி எனக்குக் கேட்கும்.
தொண்ணூற்றாறில் அவவின் தம்பியை ஏற்றிப் போனது
இந்த லொறி அல்ல.
சொல்லத்தான் ஒருநாள் போனேன்.
'இது அல்ல' என்பது ஓர் ஆறுதலா?
பாதியில் திரும்பிவிட்டேன்.

கார்த்திகை. அடைமழை. கரண்ட் இல்லை.
செம்மணி வெளியில் நான் ஹோர்ன் அடிப்பதில்லை.
பின்னால் ஏதோ ஒரு மோட்டார்சைக்கிள்,
லைற் இல்லாமல், சத்தம் மட்டும்.
முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.
நாவற்குழிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன். அதுவும் குறைத்தது.

சேஸிக்குக் கீழே ஒரு சின்ன பல்ப் இருக்கிறது,
பின் அச்சின் குண்டில் பூசிய வெள்ளை வட்டத்தை மட்டும் காட்ட.
இருட்டில் வரிசையாகப் போகும் லொறிகள்
முன்னால் போவதைத் தவறவிடாமல் இருக்கச் செய்தது.
வானத்துக்குத் தெரியாது.
பின்னால் வருகிறவருக்கு மட்டும் தெரியும்.
வேலை செய்கிறதா பார்ப்போம் என்று
போன கிழமைதான் வயர் கொடுத்திருந்தேன்.

கைதடியில், எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே அது திரும்பியது.
மழைக்கோட்டைக் கழற்றிய கையைக் கண்டபோதுதான்
ஆரென்று தெரிந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவவும்தான்.
கொண்டி விழுந்தது.

காலையில் மதிலுக்கு மேலால்,
என்னைப் பார்க்காமல், பூவரசைப் பார்த்து:
"உந்தப் பின் லைற்றைக் கழட்டிப் போடாதையும்."

கேற் இன்றைக்கும் பூட்டித்தான்.
நான் கீழே படுத்து
வட்டத்துக்கு இரண்டாம் கோட் அடிக்கிறேன்.
கண்ணுக்குள் சொட்டுகிறது, எரிகிறது.