பச்சை அட்டை

காலை ஆறே முக்கால்.
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட,
ஏழு மாடிக்கு நிற்கும் சாரத்தின் ஏணியடியில்
சிவப்பு அட்டை தொங்குகிறது.
நான் பார்த்து முடித்து
அதைப் பச்சைக்குத் திருப்பும்வரை
ஒருவரும் ஏறக் கூடாது.
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்.

முதலில் மண்.
இந்தப் பக்கத்து மண்ணை நம்பவே மாட்டேன்.
ஒரு சாண் தோண்டினால் மணல்,
அடுத்த சாணில் எந்தக் காலத்துக் குப்பையோ.
இரவு மழையில்
வடக்கு மூலைக் காலின் அடிப்பலகை
ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.
சாக்பீஸால் வட்டம் போடுகிறேன்.

பிறகு கிளாம்ப்.
ஸ்பேனரால் தட்டினால்
இறுகியது மணி மாதிரி பதில் சொல்லும்,
தளர்ந்தது
தொண்டை கட்டியவன்போல் ஏதோ முனகும்.
காசிமேட்டிலிருந்து வரும் காற்றில் அவ்வளவு உப்பு.
மூன்று மாதம் போதும், மரை தேய.

பலகைகளின் மேல் நடக்கிறேன்.
விரிசல் விட்டது ஒன்று.
முனை கட்டாதது இரண்டு.
கால்விளிம்புக் கட்டை இல்லாத இடத்தில்
உடைந்த செங்கல் ஒன்று
கீழே போவதற்கு நாள் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

நான்காம் மாடியில் நின்றுவிட்டேன்.
சாரத்தைச் சுவரோடு பிணைத்திருந்த பைப்புகள் இரண்டும் இல்லை.
பூசிய சிமென்ட் மட்டும் அங்கே வழவழவென்று,
நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

கீழே எட்டிப் பார்த்துக் கத்துகிறேன்.
கஜபதி டீ கிளாஸோடு நிமிர்கிறான்.
"ஜன்னலாண்ட குறுக்கால இருந்துச்சுக்கா,
நேத்து சாயங்காலம் கயட்டினேன்.
ரெண்டே ரெண்டு பைப்புதானே.
நான் பெல்ட்டு போட்டுகினுதான் இருந்தேன்."

போட்டிருந்தாய் கஜபதி.
பெல்ட் உன்னைச் சாரத்தோடு பிடித்துக்கொள்ளும்.
சாரத்தை எது பிடித்துக்கொள்ளும்?

பிழிந்து வடித்ததற்குச் சாரம் என்று பெயர்,
கம்பும் பலகையுமாக நிற்கிற இதற்கும் அதே பெயர்.
இந்த ஏழு மாடியைப் பிழிந்தால்
கடைசியில் சொட்டுவது
அந்த இரண்டு பைப்புகள்.

அட்டை சிவப்பிலேயே இருந்தது.
இன்ஜினியர் மூன்று முறை போன் செய்தார்.
டேங்கர் கூட்ஸ் ஒன்று தண்டையார்பேட்டைப் பக்கம் போய்
காலி வண்டி ஒன்று திரும்பியும் வந்துவிட்டது.
இருபத்து மூன்று பேர்
மணல் குவியல் மேலும் கம்பிக் கட்டின் மேலும்
அரை நாள் கூலியை
வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
ஒடிசாப் பையன் திபுன்
போனில் யாருக்கோ என்னைக் காட்டினான்.

தெய்வானைக்கு அன்று குழுத் தவணை.
"பசிக்கிற வயிறு எனக்கு இருக்குது.
உன் அட்டைக்கு இன்னா இருக்குது?" என்றாள்.
பதில் இருந்தது.
அவள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

கழற்றியவனே மாட்டினான்.
மண்ணைக் கெட்டித்து, அடிப்பலகையை அகலமாகப் போட்டு,
விரிசல் பலகையை இனி யாரும் தூக்கிப் போகாதபடி
நானே அறுத்து இரண்டாக்கி,
பதினொன்று இருபதுக்கு
அட்டையைத் திருப்பினேன்.

அன்றைக்குப் புயல் ஒன்றும் வரவில்லை.
எனக்காகச் சாட்சி சொல்ல
சின்னக் காற்றுகூட எழவில்லை.
பச்சை வலை அசையாமல் தொங்கியது.
மாட்டாமல் விட்டிருந்தாலும்
நின்றுதான் இருக்குமோ என்னவோ.
இந்த வேலையில் அது மட்டும்
எனக்குத் தெரியவே வராது.

ஐந்தரைக்கு ஏணியடியில் நின்று எண்ணினேன்.
இருபத்தொன்று. திபுன், இருபத்திரண்டு.
கடைசியாகத் தெய்வானை,
காலிச் சட்டியைக் கயிற்றில் முன்னால் இறக்கிவிட்டு,
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து,
ஒவ்வொரு படியாக.
என்னைப் பார்க்காமல் போனாள்.

போகட்டும்.
அட்டையைத் திருப்பி மாட்டினேன்.
அதே அட்டைதான்,
முதுகுப் பக்கம் சிவப்பு.